மின்சார பைக் சார்ஜிங்: எந்த பிளக், எந்த அடாப்டர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்சார பைக்கோ ஸ்கூட்டரோ வாங்கியவர்கள் பிளக், சாக்கெட், அடாப்டர் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாட்டு வீடுகளின் வயரிங்கை மனதில் வைத்து எழுதியது. சொந்த வீடு, வாடகை வீடு, அடுக்குமாடி என்று நிலைமை மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: சார்ஜர் இழுக்கிற கரண்டை, சுவருக்குள் இருக்கும் வயரிலிருந்து வண்டி வரை நடுவில் வருகிற ஒவ்வொரு துண்டும் மணிக்கணக்கில் தாங்க வேண்டும். அடாப்டரும் அப்படி ஒரு துண்டுதான், பல வீடுகளில் அதுதான் ரொம்பப் பலவீனமான துண்டு.

சார்ஜரில் பெரிய பின் பிளக் இருக்கிறது, வீட்டில் சின்ன பாயிண்ட்தான். கடையில் விற்கும் கன்வர்ஷன் பிளக் போட்டால் ஆகாதா?

வேண்டாம். நம் ஊரில் வீட்டு பிளக்குகள் ஐ.எஸ். 1293 தரப்படி இரண்டு அளவில் வருகின்றன. சின்னது 6 ஆம்ப், பெரியது 16 ஆம்ப், பழைய ஆட்கள் 5 ஆம்ப், 15 ஆம்ப் என்பார்கள், 'பவர் பிளக்' என்றால் பெரியது. சின்னதில் பேஸ், நியூட்ரல் பின்கள் சுமார் 5 மில்லிமீட்டர் தடிமன், பெரியதில் சுமார் 7 மில்லிமீட்டர். இரண்டிலும் எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும்.

கம்பெனி உங்கள் சார்ஜருக்குப் பெரிய பின் கொடுத்திருந்தால், அது 6 ஆம்புக்கு மேல் இழுக்கக்கூடும் என்று அர்த்தம், அல்லது சின்ன பாயிண்டில் மணிக்கணக்காக ஓட வேண்டாம் என்று நினைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கன்வர்ஷன் பிளக் ஓட்டையின் அளவை மாற்றித் தரும், அவ்வளவுதான். அதற்குப் பின்னால் இருக்கும் சாக்கெட்டின் தகடும், சுவிட்சும், வயரும் அப்படியே 6 ஆம்ப் சரக்காகத்தான் இருக்கும். அயர்ன் பாக்ஸ் பத்து நிமிடம் ஓடி நின்றுவிடும், வண்டி சார்ஜர் நான்கைந்து மணி நேரம் நிற்காமல் இழுக்கும். அயர்ன் பாக்ஸைத் தாங்கிய பாயிண்ட் சார்ஜரையும் தாங்கும் என்று நம்பித்தான் நிறைய பேர் சாக்கெட்டைக் கருக்கிவிடுகிறார்கள்.

எதிர்ப்பக்கம், அதாவது சின்ன பின் சார்ஜரைப் பெரிய பாயிண்டில் செருகுவது, அவ்வளவு மோசமில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். பெரிய ஓட்டையும் சின்ன ஓட்டையும் சேர்ந்தே வரும் 6/16 சாக்கெட்டுகளில் மட்டமான சரக்கு என்றால் சின்ன பின் லொட லொட என்று ஆடும். ஆடுகிற பின் சூடாகும். பிளக்கை மெல்ல அசைத்துப் பாருங்கள், சார்ஜர் விளக்கு அணைந்து எரிந்தால் அந்த சாக்கெட்டை மாற்றிவிட வேண்டியதுதான்.

என் சார்ஜர் எத்தனை ஆம்ப் இழுக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சார்ஜரின் முதுகில் ஸ்டிக்கர் இருக்கும். அதில் இன்புட், அவுட்புட் என்று இரண்டு வரி. பிளக்கைத் தேர்ந்தெடுக்க இன்புட் வரியைப் பாருங்கள். நிறைய பேர் அவுட்புட் வரியில் 10 ஆம்ப், 15 ஆம்ப் என்று இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள், அது பேட்டரிப் பக்கம் குறைந்த வோல்டேஜில் போகும் கரண்ட், சுவர் பாயிண்டுக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தமில்லை.

இன்புட் ஆம்ப் எழுதவில்லை, வாட் மட்டும்தான் தெரியும் என்றால் கணக்கு சுலபம். டி.வி.எஸ். ஐக்யூபோடு வரும் 650 வாட் சார்ஜர், ஓலாவின் 750 வாட் சார்ஜர் இவை எல்லாம் அவுட்புட் வாட். சார்ஜருக்குள் வெப்பமாகப் போவதையும் சேர்த்தால் 750 வாட் சார்ஜர் சுவரிலிருந்து 830 வாட் போல எடுக்கும், அதை 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 3.6 ஆம்ப். நல்ல நிலையில் இருக்கும் 6 ஆம்ப் பாயிண்ட் இதைத் தாங்கும். 1,300 வாட் சார்ஜர் என்றால் 6.3 ஆம்ப் வந்துவிடும், அங்கே சின்ன பாயிண்டுக்கு வேலை இல்லை. அல்ட்ராவயலெட் எஃப் 77 போல 10 கிலோவாட் மணி வரை பேட்டரி உள்ள பைக்குகளின் வேக சார்ஜர் 3 கிலோவாட்டைத் தொடும், அதற்கு 16 ஆம்ப் பாயிண்டின் முழு பலமும் வேண்டும்.

அப்புறம் லோ வோல்டேஜ். சாயங்காலம் எல்லா வீட்டிலும் மோட்டார், ஏ.சி. ஓடும்போது 190 வோல்ட்டுக்கு இறங்கும் ஊர்கள் இருக்கின்றன. பல்பு என்றால் மங்கும், கரண்ட் குறைவாக எடுக்கும். இந்தக் காலத்து சார்ஜர் அப்படியில்லை, தனக்கு வேண்டிய வாட்டை எடுத்தே தீரும் என்பதால் வோல்டேஜ் குறைந்தால் ஆம்ப் ஏறும். அதே 830 வாட்டுக்கு 190 வோல்ட்டில் 4.4 ஆம்ப். சின்ன சார்ஜருக்கு இது பிரச்சினை இல்லை. 3 கிலோவாட் சார்ஜர் 230 வோல்ட்டில் 14 ஆம்ப் போல எடுத்துக்கொண்டிருந்தது இங்கே 17 ஆம்பைத் தாண்டிவிடும். அந்த மாதிரி ஊரில் பெரிய சார்ஜரைச் சாயங்கால நேரத்தைத் தவிர்த்து, வோல்டேஜ் ஒழுங்காக இருக்கும் நேரத்தில் போடுவது நல்லது.

சரி, சின்ன சாக்கெட்டைக் கழற்றிவிட்டு 16 ஆம்ப் சாக்கெட் மாட்டிவிட்டேன். இப்போது ஓ.கே.தானே?

சாக்கெட் பெட்டிக்குள் எந்த வயர் வந்திருக்கிறது என்று பார்க்காமல் ஓ.கே. என்று சொல்லவே முடியாது. இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

லைட், ஃபேன் ஓடும் லைனுக்கு வழக்கமாக 1 அல்லது 1.5 ஸ்கொயர், அதாவது அத்தனை சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள, வயர் இழுப்பார்கள். பவர் பாயிண்டுக்கு 2.5 அல்லது 4 ஸ்கொயர். போர்டில் முகத்தை மட்டும் மாற்றி 16 ஆம்ப் சாக்கெட் வைத்தால், பார்ப்பதற்குப் பவர் பாயிண்ட், உள்ளே லைட் வயர். அதோடு அந்த வயர் பெரும்பாலும் ஹாலில் இருக்கும் இன்னொரு போர்டிலிருந்து லூப் அடித்து வந்திருக்கும். அந்த லூப்பில் எத்தனை ஜாயிண்ட், எதில் வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இதில் ஆபத்தான அடுத்த படி ஒன்று உண்டு. வண்டி சார்ஜில் போட்டதும் டிரிப்பர் விழுகிறது என்று யாரையாவது கூப்பிடுவோம். அவர் வந்து அந்த டிரிப்பரை, அதாவது 6 ஆம்ப் அல்லது 10 ஆம்ப் எம்.சி.பி.யை, கழற்றி 20 ஆம்ப் போட்டுவிட்டுப் போவார். அதன்பின் டிரிப்பர் விழாது, எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் எம்.சி.பி. அங்கே இருப்பதே சுவருக்குள் இருக்கும் வயரைக் காப்பாற்றத்தான். 1.5 ஸ்கொயர் வயருக்கு 20 ஆம்ப் எம்.சி.பி. போட்டால், வயர் வெந்துபோகும் அளவுக்குக் கரண்ட் போனாலும் அது விழாது. டிரிப்பர் விழுந்துகொண்டே இருந்தால் லைன் போதவில்லை என்று அது சொல்கிறது, அதைக் கேட்டுக்கொண்டு தனி லைன் இழுங்கள். பழைய ஃபியூஸ் கட்டை வீட்டில் ஃபியூஸ் கம்பியை இரண்டாக முறுக்கிப் போடுவதும் இதே தவறுதான்.

அப்போ வயர்மேனிடம் என்ன சொல்லி வேலை வாங்குவது?

"இ.வி. சார்ஜருக்குத் தனி பாயிண்ட், மெயின் போர்டிலிருந்து நேரா வரணும், நடுவுல ஜாயிண்ட் கூடாது" என்று சொல்லுங்கள். 1 கிலோவாட்டுக்கு உட்பட்ட சார்ஜர் என்றால் 2.5 ஸ்கொயர் செம்பு வயர், 16 ஆம்ப் எம்.சி.பி. போதும். பெரிய சார்ஜர் வாங்கப் போகிறீர்கள், அல்லது மெயின் போர்டு மாடியிலும் வண்டி தெருவாசலிலும் நிற்கிறது என்றால் 4 ஸ்கொயரும் 20 ஆம்ப் எம்.சி.பி.யும் போட்டுவிடுங்கள், பின்னால் சுவரை மறுபடி உடைக்க வேண்டாம். எர்த் வயர் கட்டாயம், அதைச் சாக்கெட்டில் மாட்டினால் மட்டும் போதாது, மறுமுனை உண்மையில் எர்த் குழியில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) வீட்டில் இல்லையென்றால் இந்த லைனுக்காவது ஒன்று போடுங்கள், கசிவு வந்தால் உயிரைக் காப்பாற்றுவது அதுதான், எம்.சி.பி. அல்ல.

சாக்கெட்டை நேராகப் பார்த்தால், எர்த் ஓட்டை மேலே இருக்கும்போது வலது பக்கம் பேஸ், இடது பக்கம் நியூட்ரல். வேலை முடிந்ததும் டெஸ்டர் வைத்து அவர் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள சாக்கெட் வாங்குங்கள், சுவிட்சும் 16 ஆம்ப் ஆக இருக்க வேண்டும், சாக்கெட் பெரியது சுவிட்ச் சின்னது என்று ஒரே பெட்டியில் கலந்து வைத்திருப்பதை நிறைய வீடுகளில் பார்க்கலாம்.

சார்ஜ் போடும்போது பிளக் சூடாகிறது. எவ்வளவு சூடு சரி?

வெதுவெதுப்பு சரி. சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பின்னைத் தொட்டால் விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் சரியில்லை.

தொடுகிற இடத்தில் பிடிப்பு தளர்ந்தால் அங்கே மின்தடை கூடும், வெப்பம் ஆம்பின் வர்க்கத்தில் ஏறும். உதாரணமாக, ஒரு பின்னில் 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். 4 ஆம்ப் போனால் 1.6 வாட் வெப்பம், கவலை இல்லை. 14 ஆம்ப் போனால் 19.6 வாட், அதாவது சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்று சாக்கெட்டுக்குள் மணிக்கணக்கில் எரிகிற மாதிரி. பழைய ஸ்கூட்டருக்கு ஒழுங்காக ஓடிய பாயிண்ட், வேக சார்ஜர் வாங்கிய முதல் வாரமே கருகுவதற்கு இதுதான் காரணம்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள்: பின்னைச் சுற்றி சாக்கெட் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறுவது, பளபளப்பான பித்தளைப் பின் மேல் நீலக் கறுப்புப் படலம், பிளக்கை இழுத்தால் பிளாஸ்டிக் லேசாக ஒட்டிக்கொண்டு வருவது. மூக்குக்குத் தெரியும் அடையாளம் மீன் கவிச்சி. வீட்டில் மீன் சமைக்காத நாளில் சுவிட்ச் போர்டு பக்கம் அந்த வாடை வந்தால் உள்ளே பிளாஸ்டிக் வேகிறது என்று அர்த்தம், மெயினை அணைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. கருகிய சாக்கெட்டை மட்டும் மாற்றினால் போதாது, அதில் செருகியிருந்த பிளக்கின் பின்னும் கெட்டிருக்கும், அது புது சாக்கெட்டையும் கருக்கிவிடும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

சார்ஜ் ஆகும்போது வண்டியைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. வண்டியில் கோளாறா?

பெரும்பாலும் உங்கள் வீட்டு எர்த்தில் கோளாறு. சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்ட பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குச் சின்ன கெபாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தத் துளிக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் சார்ஜரின் உலோகப் பாகம் கிட்டத்தட்ட பாதி வோல்டேஜில், 115 வோல்ட் போல, மிதக்கும். கரண்ட் மிகக் கொஞ்சம் என்பதால் சுர்ரென்று மட்டும் இருக்கிறது. ஆனால் நாளைக்கு உள்ளே இன்சுலேஷன் ஒன்று போனால் முழு 230 வோல்ட்டும் பாடிக்கு வரும், தடுக்க ஆளில்லை.

எர்த் பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின்னாகச் செருகுவது, இரண்டு பின் கன்வர்ட்டர் போடுவது, இதெல்லாம் இந்த ஆபத்தை நாமே காசு கொடுத்து வாங்குவது. வயர்மேனைக் கூப்பிட்டுப் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல்பு பிரகாசமாக எரிந்தால் எர்த் இருக்கிறது, ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் பல்பு எரியாமல் ஆர்.சி.சி.பி. விழும், அதுவும் எர்த் இருப்பதற்கு அடையாளம்தான். எர்த் சரியாக இருந்தும் சுர்ரென்றால் அப்போது சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போடலாமா? வண்டி வாசலில், பாயிண்ட் உள்ளே.

கம்பெனிக் கையேடுகள் பொதுவாகக் கூடாது என்றுதான் சொல்கின்றன, நானும் அதையே சொல்வேன். கம்ப்யூட்டருக்கு விற்கும் ஸ்பைக் பாக்ஸ், மொபைல் சார்ஜர் போடும் நாலு ஓட்டை பாக்ஸ், இவற்றின் வயர் நூல் மாதிரி இருக்கும், சிலவற்றில் எர்த் ஓட்டை இருக்கும், எர்த் வயர் இருக்காது.

வேறு வழியே இல்லை என்றால் நீங்களே ஒன்று செய்துகொள்ளுங்கள்: 2.5 ஸ்கொயர் மூன்று கோர் ஃபிளெக்சிபிள் கேபிள், தேவைக்கு மேல் ஒரு அடிகூட நீளம் வேண்டாம், ஒரு முனையில் 16 ஆம்ப் டாப் (தனியாக வாங்கி மாட்டும் பிளக்), மறு முனையில் பெட்டிக்குள் ஒரே ஒரு 16 ஆம்ப் சாக்கெட். சுருட்டி வைத்தபடி சார்ஜ் போடாதீர்கள், சுருளுக்குள் வெப்பம் வெளியேற வழியில்லாமல் கேபிள் உருகும். கதவிடுக்கில் நசுங்கவும் கூடாது. இது தற்காலிகத்துக்கு, வருஷக்கணக்கில் இதிலேயே ஓட்டுவதற்கல்ல.

சார்ஜர் போய்விட்டது. ஆன்லைனில் அதே மாதிரி பிளக் உள்ள சார்ஜர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பிளக் பொருந்துவதை வைத்து சார்ஜர் வாங்கவே கூடாது. '48 வோல்ட் சார்ஜர்' என்று எழுதியிருப்பது பேரளவுக்குத்தான், உண்மையில் பார்க்க வேண்டியது முழு சார்ஜில் அது நிறுத்தும் வோல்டேஜ். 13 செல் வரிசை கொண்ட என்.எம்.சி. லித்தியம் பேட்டரி 54.6 வோல்ட்டில் நிற்க வேண்டும். 16 செல் வரிசை கொண்ட எல்.எஃப்.பி. என்ற இன்னொரு வகை லித்தியம் பேட்டரிக்கு 58.4. நாலு லெட் ஆசிட் பேட்டரி சேர்த்த பழைய ஸ்கூட்டருக்கு 58, 59 பக்கம். மூன்றையும் கடையில் 48 வோல்ட் என்றுதான் விற்பார்கள், மூன்றின் பிளக்கும் ஒன்றாகவே இருக்கலாம். 54.6 வேண்டிய பேட்டரிக்கு 58.4 கொடுக்கும் சார்ஜரைப் போட்டால் பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் சர்க்யூட் வெட்டிவிட்டால் தப்பித்தோம், அது வேலை செய்யவில்லை என்றால் தீ. 72 வோல்ட்டிலும் இதே கதை: 20 செல் என்.எம்.சி.க்கு 84 வோல்ட், 24 செல் எல்.எஃப்.பி.க்கு 87.6.

இதற்கு மேல், ஏத்தர், ஓலா, டி.வி.எஸ். மாதிரி வண்டிகளில் சார்ஜரும் பேட்டரியும் பேசிக்கொண்டுதான் கரண்ட் ஓடும். பிளக்கில் தடித்த பின்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒல்லி பின்கள் அதற்குத்தான். வெளிச் சந்தை சார்ஜர் அந்தப் பேச்சைப் பேசாது, வாரண்டியும் போய்விடும். கம்பெனி சார்ஜரையே வாங்குங்கள்.

பழைய குறைந்த வேக ஸ்கூட்டர். சார்ஜ் ஓட்டை கம்ப்யூட்டர் பவர் கேபிள் மாதிரியே இருக்கிறது. அதே கேபிளைப் போடலாமா?

ஐயோ, கூடவே கூடாது! தமிழ்நாட்டில் ஓடும் மலிவு விலை ஸ்கூட்டர்களில் இது இன்னும் நிறைய இருப்பதால் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். அந்த ஓட்டை சார்ஜரிலிருந்து வரும் டி.சி.க்கு. கம்ப்யூட்டர் கேபிளை நேராகச் சுவரிலிருந்து எடுத்து அதில் செருகினால் 230 வோல்ட் ஏ.சி. பேட்டரிக்குள் போகும். குழந்தைகள், வேலைக்கு வருபவர்கள், வண்டியை இரவல் வாங்கியவர் என்று யார் வேண்டுமானாலும் இதைச் செய்துவிடலாம், ஏனென்றால் அழகாகப் பொருந்தும்.

இன்னொன்று, இந்த வகை பிளக்கில் பாசிட்டிவ் எந்தப் பின், நெகட்டிவ் எந்தப் பின் என்பதைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றி வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு சார்ஜர் பொருந்துகிறது என்று போட்டால் தலைகீழாகப் போகலாம். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் இரவல் சார்ஜர் போடாதீர்கள். சார்ஜிங் ஓட்டைக்கு மேல் பெரிய எழுத்தில் 'சார்ஜர் மட்டும்' என்று ஒட்டிவைக்கலாம். நல்ல மெக்கானிக் கிடைத்தால், வீட்டில் வேறெந்த கேபிளும் பொருந்தாத டி.சி. கனெக்டராக மாற்றிவிடச் சொல்லுங்கள், வண்டிப் பக்கமும் சார்ஜர் பக்கமும் சேர்த்து.

வெளியூர் போகும்போது எந்த ஸ்டேஷனில் எந்த வண்டி சார்ஜ் ஆகும்?

இங்கேதான் குழப்பம் அதிகம். கார்களுக்கு நம் நாட்டில் கிட்டத்தட்ட ஒரே பிளக்கில் வந்து நின்றுவிட்டார்கள், இருசக்கரத்தில் இன்னும் இல்லை. ஏத்தர் தன் வண்டிக்காக உருவாக்கிய கனெக்டர், ஏ.சி.யும் டி.சி.யும் ஒரே முனையில் வருவது, எல்.இ.சி.சி.எஸ். என்ற பெயரில் 2023-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 17017 வரிசையில் சேர்ந்துவிட்டது. ஹீரோவின் விடா வண்டிகளும் அதையே பயன்படுத்துவதால் ஏத்தர் வேக சார்ஜரில் விடா ஏறும். ஓலாவின் வேக சார்ஜர் ஓலாவுக்கு மட்டும். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலுமாக இத்தனை வண்டிகள் நம் மாநிலத்திலேயே தயாராகின்றன, அடுத்தடுத்த ஊர் ஆலைகளிலிருந்து வரும் இரண்டு வண்டிகளை ஒரே முனையில் சார்ஜ் போட முடியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஒரு கம்பெனி டி.சி. முனையிலிருந்து இன்னொரு கம்பெனி வண்டிக்கு அடாப்டர் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். முனையின் வடிவத்தை மாற்றலாம், வண்டியும் சார்ஜரும் பேசும் மொழியை ஒரு பிளாஸ்டிக் துண்டு மாற்றாது.

நடைமுறையில் எல்லா வண்டிக்கும் உதவுவது சாதாரண 16 ஆம்ப் சாக்கெட்தான். க்யூ.ஆர். ஸ்கேன் செய்து பணம் கட்டினால் உயிர் பெறும் சாக்கெட் பெட்டிகள் கடைகள், டீக்கடைகள், மால்களில் இருக்கின்றன. கேரளாவுக்குப் போனால் அங்கே மின்வாரியமே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களில் இருசக்கரம், ஆட்டோவுக்கென்று சாக்கெட் பெட்டி மாட்டி வைத்திருக்கிறது. இவற்றுக்கு உங்கள் சார்ஜரைக் கூடவே கொண்டுபோக வேண்டும், அதை மறந்துவிட்டுப் போனால் பெட்டி இருந்தும் பயனில்லை.

கார் சார்ஜிங் ஸ்டேஷனில் டைப் 2 முனை இருக்கிறது. அதிலிருந்து 16 ஆம்ப் சாக்கெட்டுக்கு அடாப்டர் விற்கிறார்கள். நம்பலாமா?

இது ஓரளவு நியாயமான அடாப்டர், பார்த்து வாங்கினால். டைப் 2 என்பது கார்களின் ஏ.சி. சார்ஜிங் முனை, அதில் வருவது நம் வீட்டில் வரும் அதே ஏ.சி.தான், ஆனால் செருகியவுடன் வராது. சார்ஜர் 'பைலட்' என்ற ஒரு கம்பியில் 12 வோல்ட் சிக்னல் அனுப்பும். மறுமுனையில் 2.7 கிலோ ஓம் போல எதிர்ப்பு இருந்தால் வண்டி செருகியிருக்கிறது என்று புரிந்துகொள்ளும், அது சுமார் 880 ஓமாக இறங்கினால் கரண்ட் கேட்கிறது என்று எடுத்துக்கொண்டு கான்டாக்டரை, அதாவது உள்ளே இருக்கும் பெரிய சுவிட்சை, போடும். அடாப்டருக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் கார் மாதிரி நடித்து இதைச் செய்கிறது.

பிரச்சினை எங்கே என்றால், டைப் 2 சார்ஜர் ஒரே பேஸில் 32 ஆம்ப் வரை கொடுக்கக்கூடியது, அதன் பாதுகாப்பு பிரேக்கரும் அதற்கேற்ற அளவில்தான் இருக்கும். உங்கள் அடாப்டரின் சாக்கெட் 16 ஆம்ப். சார்ஜரிலோ வயரிலோ ஏதாவது தப்பாகி 25 ஆம்ப் போனால் ஸ்டேஷன் அதை நியாயமான கரண்ட் என்று நினைத்து விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் அடாப்டருக்குள்ளேயே 16 ஆம்ப் எம்.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் தொடவே வேண்டாம். எர்த் பின் உள்ளே உண்மையாகவே இணைந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். கழற்றும்போது முதலில் ஆப்பில் நிறுத்தி, அப்புறம் வண்டி சார்ஜர், கடைசியில் முனை. லோடில் இழுத்தால் பொறி பறந்து பின்கள் குழிவிழும்.

காருக்கான இடத்தை ஸ்கூட்டர் நாலு மணி நேரம் பிடித்துக்கொண்டிருப்பதும் சரியில்லை. ஆள் வந்தால் எடுத்து வழி விடுங்கள்.

அப்போ காருக்கான டி.சி. வேக சார்ஜர், சி.சி.எஸ். 2?

ஆகாது. நம் இருசக்கர பேட்டரிகள் பெரும்பாலும் 48 முதல் 72 வோல்ட் வகை. கார் டி.சி. சார்ஜர்கள் வழக்கமாக 150, 200 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவே இறங்காது.

சில ஸ்டேஷனில் நீல நிற வட்ட பிளக் இருக்கிறதே?

அது தொழிற்சாலை வகை 16 ஆம்ப் மூன்று பின். 2017-இல் வந்த பாரத் ஏ.சி. 001 சார்ஜர்களில் இதுதான் இருக்கும், ஒரு பெட்டியில் 3.3 கிலோவாட் வீதம் மூன்று முனை. நீல டாப்பிலிருந்து நம் 16 ஆம்ப் சாக்கெட்டுக்கு அரை மீட்டர் கேபிளில் ஒரு அடாப்டர் எலக்ட்ரிக்கல் கடையிலேயே செய்து வாங்கலாம். இரண்டு பக்கமும் 16 ஆம்ப் என்பதால் இது பயமில்லாத அடாப்டர். திறந்த வெளியில் வைத்து வேலை செய்வதற்கென்றே வடிவமைத்த பிளக், இறுகப் பிடிக்கும். வீட்டு வாசலில் புதிதாக பாயிண்ட் போடுபவர்கள்கூட இதை யோசிக்கலாம்.

இன்வெர்ட்டரில் சார்ஜ் போடலாமா?

போடாதீர்கள். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏ.எச். பேட்டரியில் மொத்தமே 1.8 கிலோவாட் மணிதான், ரிவோல்ட் ஆர்.வி. 400 பைக்கின் பேட்டரி மட்டும் 3.24. கரண்ட் போன நேரத்தில் தெரியாமல் ஓடிவிடக் கூடாது என்பதற்காகவே சார்ஜர் பாயிண்டை இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரித்து வைக்கச் சொல்லுங்கள்.

மழை, இடம், ராத்திரி முழுக்கச் சார்ஜ்: எதைக் கவனிக்க வேண்டும்?

சார்ஜரில் ஐ.பி. 67 என்று போட்டிருந்தால் அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் போகாது, சுவர் பிளக்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வெளி பாயிண்டுக்கு மூடியுள்ள சாக்கெட் பெட்டி மாட்டுங்கள், தரையிலிருந்து இடுப்பு உயரம். சார்ஜரைத் தரையில் வைக்காமல் ஆணியில் தொங்கவிடுங்கள், துணி போட்டு மூடாதீர்கள், ஓடும்போது சீட்டுக்கு அடியில் வைத்துச் சாத்தாதீர்கள்.

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள். அதன்பின் பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகள் இறுக்கப்பட்டன, இப்போது வரும் பேட்டரிகள் அப்போதையதைவிட மேல். இருந்தாலும் படுக்கும் அறையிலோ, வீட்டைவிட்டு வெளியேறும் ஒரே வாசலை மறித்தோ வண்டியைச் சார்ஜ் போட வேண்டாம். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், மாடிப்படிக்குக் கீழேயும் வேண்டாம். வெயிலில் ஓட்டி வந்தவுடன் போடாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜை முடித்துவிட முடிந்தால் அதுவே நல்லது.

சார்ஜரோடு வார்த்து வந்த பிளக்கை வெட்டிவிட்டு வேறு டாப் போடலாமா?

வாரண்டி இருக்கும்வரை வெட்டாதீர்கள். அதற்குப் பின் போடுவதென்றால் கனமான 16 ஆம்ப் டாப், வயர் இழைகளுக்கு ஈயம் பூசாமல் லக் (உலோக முனைத்தொப்பி) அடித்து ஸ்க்ரூ இறுக்கவும். ஈயம் பூசிய முனை நாளடைவில் ஸ்க்ரூவுக்கு அடியில் நசுங்கித் தளர்ந்துவிடும். பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த்.

இலங்கையிலோ மலேசியாவிலோ இருக்கிறேன். சதுரப் பின் 13 ஆம்ப் பாயிண்டில் நம் ஊர் சார்ஜரை எப்படிப் போடுவது?

பயண அடாப்டர் வேண்டாம், அது மொபைலுக்கும் லேப்டாப்புக்கும். டாப்பையே மாற்றி ஃபியூஸ் உள்ள 13 ஆம்ப் டாப் போடுங்கள், 750 வாட் சார்ஜருக்கு 5 ஆம்ப் ஃபியூஸ் போதும். 13 ஆம்ப் என்று எழுதியிருந்தாலும் மணிக்கணக்கில் முழு 13 ஆம்ப் இழுக்க அந்த பிளக் ஏற்றதல்ல. இதே பிளக் பிறந்த இங்கிலாந்தில் வீட்டு சாக்கெட்டில் செருகும் கார் சார்ஜிங் கேபிள்களை 10 ஆம்புக்குத்தான் வைத்திருக்கிறார்கள். இலங்கையில் பழைய வீடுகளில் உருண்டைப் பின் 15 ஆம்ப் பாயிண்ட் இருந்தால் நம் 16 ஆம்ப் டாப் பெரும்பாலும் அதில் நேராகவே பொருந்தும், ஆனால் அந்தப் பாயிண்டின் வயதைப் பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சார்ஜர்?

ஸ்டிக்கரில் 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் டாப் மட்டும் மாற்றினால் போதும். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் நம் பாயிண்டில் செருகிய நொடியே போய்விடும்.

அடுக்குமாடியில் அசோசியேஷன் பாயிண்ட் போட விடமாட்டேன் என்கிறது.

மத்திய மின் அமைச்சகத்தின் மின்வாகன சார்ஜிங் வழிகாட்டுதல்படி, வண்டி வைத்திருப்பவர் தன் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மின் இணைப்பிலிருந்தே சார்ஜ் செய்துகொள்ளலாம். அதைக் காட்டிப் பேசுங்கள். கூடவே தனி எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., உங்கள் மீட்டரிலிருந்தே குழாய்க்குள் வரும் 4 ஸ்கொயர் வயர் என்று ஒரு எலக்ட்ரீஷியன் கையெழுத்திட்ட தாளையும் கொண்டுபோங்கள். அவர்களுடைய பயம் பொது மின்கட்டணமும் தீயும்தான், இரண்டுக்கும் பதில் அந்தத் தாளில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். அனுமதி வரும்வரை காமன் ஏரியா லைட் பாயிண்டில் கன்வர்ஷன் பிளக் போட்டுச் சமாளிக்காதீர்கள். அதற்குப் பதில் பக்கத்தில் க்யூ.ஆர். பெட்டி இருக்கும் கடையைத் தேடிக்கொள்ளுங்கள்.